ஆறு வற்றும் மாதங்கள்

கல்யாணமாகி நான் திருச்சிக்கு வந்தது 1985 ஆவணியில். சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டி பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும், இவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, “பாத்துக்க, இனிமே இதுதான் உன் ஆறு” என்றார். நான் கோயமுத்தூர்க்காரி. எங்கள் நொய்யலை ஆறு என்று சொல்ல அப்போதே வாய் கொஞ்சம் கூசும். அதனால் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் அப்படியே சொக்கிப்போனேன். அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் மாப்பிள்ளையைப் பற்றி நாலு வரி, காவிரியைப் பற்றி ஒரு பக்கம்.

மாசி பாதியில் ஒரு நாள் படித்துறைக்குப் போனால் ஆற்றைக் காணோம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் மணல். நடுவில் வாய்க்கால் அளவுக்கு ஒரு தண்ணீர்க் கோடு. அதிலும் இரண்டு எருமைகள் படுத்திருந்தன.

“ஏனுங்க, ஆத்தைக் காணோங்களே?” என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். கீழ்வீட்டு மாமிக்கு அது காதில் விழுந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிவிடுவார்கள், ஜூன் 12-ல்தான் திறப்பார்கள், இடையில் இருப்பது மணல்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்கள். அந்தத் தெருவில் என் பெயரே அன்றிலிருந்து ‘ஏனுங்க’ ஆகிவிட்டது. காய்கறிக்காரர்கூட “ஏனுங்கம்மா, முருங்கைக்கா வேணுமா?” என்பார்.

எங்கள் வீடு திருவானைக்காவலில், மாம்பழச் சாலை தாண்டி ஒரு சந்துக்குள். மாடிப் போர்ஷன். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, அதற்கு வெளியே எங்களுக்கென்றே ஒரு மொட்டைமாடி. வாடகை நூற்றைம்பது ரூபாய். வீட்டைப் பார்த்துவிட்டுப் போன அம்மா, “தலைக்கு மேல வெறும் தளம். வெயில்ல வெந்து போயிருவியே கண்ணு” என்று அழுதார். பங்குனி பிறந்ததும் அம்மா சொன்னது சரிதான் என்று தெரிந்தது. காலை பத்து மணிக்கே சுவர் சுடும். மின்விசிறி மேலே இருக்கிற சூட்டை இறக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். திறந்துவைத்த தேங்காயெண்ணெய் பாட்டில் தண்ணீர் மாதிரி ஆடும்.

இவருக்கு அது வெயிலாகவே தெரியாது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனை 1928-ல் பொன்மலைக்கு மாறியபோது, அதோடு கூடவே மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர் இவருடைய தாத்தா. பேரனுக்கு வாய்த்தது ஸ்மித்தி ஷாப். நாள் முழுக்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, நாலு மணிக்கு மேல் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வருகிறவரிடம் போய் “வெயில் தாங்கலைங்க” என்றால் என்ன சொல்வார்? “இதெல்லாம் ஒரு வெயிலா? வெளியே வந்தா குளுகுளுன்னு இருக்கு” என்பார். கேலி இல்லை, நிஜமாகவே சொல்வார். அந்த மனிதரிடமிருந்துதான் நான் கோடையைக் கற்றுக்கொண்டேன்.

முதல் பாடம் மொட்டைமாடி. கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனைக்காவில் கருவறைக்குள்ளேயே தண்ணீர் ஊறுகிறது, வீட்டுக் கிணற்றுக்குக் கேட்க வேண்டுமா? வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பத்து வாளி இறைத்து மாடிக்கு ஏற்றுவார். ஊற்றுவது என் வேலை. முதல் இரண்டு வாளியைத் தளம் குடித்துவிடும். உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். மூன்றாவது வாளிக்குக் கணுக்கால் வரைக்கும் ஆவி அடிக்கும். சுட்ட செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை அப்போதுதான் எழும்பும். ஐந்தாவது வாளிக்குப் பிறகுதான் தரையில் ஈரம் நிற்கும். இதில் நேரம் முக்கியம். ஐந்தரைக்குள் ஊற்றி முடித்துவிட வேண்டும். ஒரு நாள் சினிமாவுக்குப் போய்விட்டு ஏழரைக்கு வந்து ஊற்றினோம். ராத்திரி முழுக்க இட்லிப்பானைக்குள் படுத்த மாதிரி இருந்தது.

படுக்க முசிறிக் கோரைப்பாய். என் சீரோடு வந்த பவானி ஜமக்காளத்தை முதல் நாள் பெருமையாக விரித்தேன். பத்து நிமிஷத்தில் முதுகு கசகசத்தது. அது பெட்டிக்குள் போனது போனதுதான், வருகிற விருந்தாளிக்கு மட்டும் வெளியே வரும். கோரைப்பாய் இருக்கிறதே, முதுகில் வரிவரியாகப் பதியும், ஆனால் சூட்டை வைத்துக்கொள்ளாது. தலைமாட்டில் ஒரு பானை. ஆற்றுமணலைக் குவித்து, நடுவில் குழித்து, அதில் பானையை உட்கார வைத்து, மணலையும் ஈரமாகவே வைத்திருப்பேன். வெட்டிவேர் ஒரு சின்ன முடிச்சு உள்ளே கிடக்கும். வைகாசியில் அந்தப் பானைத் தண்ணீரைக் குடித்தால் பல் கூசும்.

படுத்தால் தெற்கே மலைக்கோட்டை விளக்கு தெரியும். மேற்கே ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். அந்த முதல் கோடையில் அது இன்னும் முடியவில்லை. முந்நூறு வருஷத்துக்கு மேல் மொட்டைக் கோபுரமாகக் கிடந்ததை அகோபில மடத்து ஜீயர் முன்னின்று கட்டிக்கொண்டிருந்தார். சாரம் கட்டி நிற்கும். ஒரு நிலைக்கான செலவை இளையராஜா ஏற்றுக்கொண்டார் என்பது ஊரெல்லாம் பேச்சு. டிரான்சிஸ்டரில் அவர் பாட்டு வரும்போதெல்லாம் இவர் கோபுரத்தைக் காட்டி, “அதோ, அதுதான் அவர் கட்டுற நிலை” என்பார். ஒவ்வொரு நாளும் வேறு வேறு நிலையைக் காட்டுவார். நானும் ஒவ்வொரு நாளும் நம்புவேன். 1987 மார்ச் 25-ல் கும்பாபிஷேகம் நடந்தது. பதின்மூன்று நிலை, 236 அடி. அடுத்த கோடையில் சாரம் இல்லாத கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். எனக்கென்னவோ சாரத்தோடு இருந்ததுதான் பிடித்திருந்தது. கோபுரம் வளர்வதைப் பார்த்துக்கொண்டே தூங்கியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பாட்டு முடிந்தாலும் டிரான்சிஸ்டரை அணைக்க மனம் வராது. திருச்சி வானொலி நிலையம் 1939-லிருந்து இருக்கிறது, இந்த ஊர்க்காரர்களுக்கு அது வீட்டுப் பெரியவர் மாதிரி. விவசாய நிகழ்ச்சியில் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு, வாழைக்கு மண் அணைப்பது, கறவை மாட்டுக்கு மடிவீக்கம் எல்லாம் வரிசையாக வரும். ஒரு துளசிச் செடிகூட வைக்காத நாங்கள் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம். எந்தப் புழுவுக்கு என்ன மருந்து என்று இன்றைக்குக் கேட்டாலும் இவர் சொல்வார்.

மாசிக் கடைசியில் மாவடு வரும். மாமிதான் குரு. “கையில ஈரம் இருக்கப்படாது, சொட்டு ஜலம் பட்டாலும் பூத்துடும்” என்று என் கையை இரண்டு தடவை துடைக்க வைத்துவிட்டுத்தான் ஜாடியைத் தொட விடுவார். வடுவைக் கழுவி, நிழலில் உலர்த்தி, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, உப்பும் மஞ்சளும் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் சேர்த்து மூடினால், ஒரு வாரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு சுருங்க ஆரம்பிக்கும். காலையில் பழைய சோறு, மோர், ஒரு மாவடு. இவருக்கு நாலு. ஒர்க்‌ஷாப்புக்குக் கட்டிக்கொடுத்த தூக்கில் பத்து வைத்தால் ஒன்றுகூட இவருக்கு மிஞ்சாதாம், பங்காளிகள் அதிகம்.

வடாம் போடும் நாள் தனி. அரிசியை ஊறவைத்து அரைத்து, ஜவ்வரிசி சேர்த்துக் கூழ் காய்ச்சுவது முந்தின ராத்திரி. பச்சை மிளகாய், உப்பு, பெருங்காயம் அப்போதே போட்டுவிட வேண்டும். எலுமிச்சம்பழம் மட்டும் காலையில். ஆறு மணிக்கு மாடியில் இவருடைய பழைய எட்டு முழ வேட்டியை விரித்து, நாலு பக்கமும் செங்கல் வைத்து, முறுக்கு அச்சில் பிழிய ஆரம்பித்தால் எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் கால் வைக்க முடியாது. மாமி ஸ்டார் அச்சில் பிழிவார், நான் ஓமப்பொடி அச்சு. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் போடுவோம், காவலுக்கு ஆள் வேண்டுமே.

காவல்காரர் இவர். கறுப்புக் குடையை விரித்து மாடி மூலையில் நட்டுவைத்து, அதன் நிழலில் பேப்பரோடு உட்காருவார். கறுப்புத் துணி கண்டால் காக்கை வராது என்பது மாமியின் நம்பிக்கை. காக்கை வரவில்லைதான். ஆனால் பதினோரு மணிக்கு நான் ஏறிப் பார்த்தால் வேட்டியில் ஒரு ஓரம் காலியாக இருக்கும். பாதி காய்ந்த வடாத்துக்கு ஒரு ருசி உண்டு. மேலே மொறுமொறுப்பு வந்திருக்கும், உள்ளே இன்னும் கூழ். அதைத் தெரிந்தவர்கள் காவலுக்கு நிற்கக் கூடாது. “காக்கா ரொம்பப் பெரிசுங்க இந்த ஊர்ல” என்று மாமியிடம் சொன்னேன். மாமி இவர் வாயைப் பார்த்துவிட்டு, “பார்த்தாலே தெரியறது” என்றார். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உரித்தெடுக்க வேண்டும். அதற்கும் இவர் உதவிக்கு வருவார். வேண்டாமென்று அனுப்பிவிடுவேன்.

மாம்பழம் பற்றிச் சொல்லாவிட்டால் மாம்பழச் சாலைக்குக் கோபம் வரும். சித்திரை பிறந்ததும் லாரி வந்து நிற்க ஆரம்பிக்கும். கடைக்குள் போனால் வைக்கோலும் பழமும் கலந்த வாசனை ஆளைத் தள்ளும். முதலில் செந்தூரா, பங்கனப்பள்ளி. பிறகு காலப்பாடு, மல்கோவா. கடைசியில், எல்லாரும் தின்று அலுத்த பிறகு, நீலம். ஆனால் திருச்சிக்காரர்கள் காத்திருப்பது இமாம் பசந்துக்கு. மே பாதிக்கு மேல்தான் அது தலைகாட்டும்.

முதல் கோடையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு சம்பள நாளில் இவர் துண்டில் சுற்றிப் பெரிதாக ஒன்றைக் கொண்டுவந்து சமையல்கட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பச்சையாக இருந்தது. சரி, மாங்காய் வாங்கி வந்திருக்கிறார், பச்சடி வைக்கலாம் என்று அரிவாள்மணையில் வைத்து ஒரு வெட்டு வெட்டினேன். சாறு முழங்கை வரை வழிந்தது. வாசனை மாடி முழுக்கப் பரவி, குளியலறைக்கும் போய்விட்டது போலிருக்கிறது. “ஐயய்யோ, அதை என்ன பண்ற?” என்று ஈரத்தோடு ஓடிவந்தார். அது பழுத்தாலும் முழுக்க மஞ்சளாகாது, பச்சை போகாது, தோல் காகிதம் மாதிரி இருக்கும் என்று அன்றைக்குப் பாடம் நடந்தது. அரிவாள்மணையைச் சுற்றி உட்கார்ந்து, வெட்டின கோலத்திலேயே தின்றோம். பச்சடிக்கு எடுத்துவைத்த வெல்லம் அப்படியே இருந்தது.

பிறகு நானே தேறிவிட்டேன். பழத்தை அமுக்கக் கூடாது, கடைக்காரர் முறைப்பார். காம்புப் பக்கம் மூக்கை வைக்க வேண்டும். காம்பைச் சுற்றித் தோள் பருத்துக் காம்பு உள்வாங்கியிருந்தால் மரத்திலேயே முற்றினது. இமாம் பசந்த் விலை அந்தக் காலத்திலேயே மற்றதைவிட அதிகம். ஒரு சம்பளத்துக்கு ஒரு பழம் என்று கணக்கு. ராத்திரி சாப்பாடு முடிந்து மாடிக்கு எடுத்துப் போவோம். இவர் கத்தி வைத்து இரண்டு கன்னத்தையும் அறுப்பார். ஆளுக்கொரு கன்னம். கொட்டை யாருக்கு என்பதில்தான் எங்கள் தாம்பத்தியத்தின் பெரிய சண்டைகள் நடந்தன. ஒரு வருஷம் அவருக்கு, ஒரு வருஷம் எனக்கு என்று மாமி பஞ்சாயத்து பண்ணிவைத்தார். இவர் லீப் வருஷக் கணக்கெல்லாம் சொல்லி ஏமாற்றப் பார்ப்பார்.

ஆற்றுக்கு வருகிறேன். தண்ணீர் ஓடும்போது காவிரி எங்களுக்குப் பார்க்கிற பொருள். அம்மா மண்டபத்துப் படியில் நின்று கும்பிடலாம், ஒரு முழுக்குப் போடலாம், திரும்பிவிட வேண்டும். வற்றிய பிறகுதான் உள்ளே போக முடியும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே மணலுக்கு இறங்கும். ஐந்தரைக்கு இறங்கினால் கால் சுடும். ஆனால் கட்டைவிரலை ஓர் அங்குலம் உள்ளே விட்டால் குளிர்ச்சி. நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, விரல்களை மணலுக்குள் நுழைத்து நுழைத்து நடப்போம். தள்ளிப் போகப் போகக் கூட்டம் குறையும். மாமனார் மாமியார் வீடு உறையூரில், வாராவாரம் அவர்கள் வருவார்கள், அல்லது நாங்கள் போவோம். கீழே மாமி. ஒர்க்‌ஷாப் நண்பர்கள். ஒரு சின்னப் போர்ஷனில் புதுசாகக் கல்யாணமான இரண்டு பேருக்குப் பேச இடம் ஏது? ஆற்றுக்கு நடுவில்தான் இருந்தது. இவர் வீட்டில் பேசாததையெல்லாம் மணலில் பேசினார். தம்பி படிப்புக்கு வாங்கின கடன், சின்ன வயதில் நாடகத்தில் நடிக்க ஓடிப்போனது, என்னைப் பெண் பார்க்க வந்தபோது பிடிக்காத உப்புமாவை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது.

பேசிக்கொண்டே ஊற்று தோண்டுவார். கையில் ஒரு கொட்டாங்கச்சி. முதல் ஒரு சாண் காய்ந்த மணல், சரிந்து சரிந்து விழும். பிறகு கறுப்பாக ஈர மணல். முழங்கை ஆழம் போனதும் நாலு பக்கமிருந்தும் கலங்கலாகத் தண்ணீர் கசியும். அதை இறைத்துக் கொட்ட வேண்டும். மறுபடி ஊறும், மறுபடி கொட்ட வேண்டும். மூன்றாவது தடவை ஊறுவதைத் தொடாமல் விட்டுவிட்டு நான் கொண்டுவந்த வெள்ளரிப்பிஞ்சைத் தின்று முடிப்பதற்குள், குழியின் அடியில் மணல் மணலாகத் தெரிகிற மாதிரி தெளிந்துவிடும். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தால் லேசான இனிப்பு.

“சிறுவாணியா, இதுவா?” என்பார்.

“சிறுவாணிதானுங்க.”

“நல்லா குடிச்சுப் பாத்துச் சொல்லு.”

“குடிச்சுட்டுத்தான் சொல்றேன். சிறுவாணிதான்.”

கோயமுத்தூர்க்காரி வேறு என்ன சொல்வாள்? எங்கள் ஊரில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்போம், தண்ணீரை மாட்டோம்.

மணலுக்கு இறங்க முடியாத நாளில் பாலம். 1976-ல் திறந்த பாலம் அது. ‘பாலத்துல காத்து வாங்கப் போறோம்’ என்று சொன்னால் திருச்சியில் எல்லாருக்கும் புரியும். நடைபாதை ஓரமாக வரிசையாக ஆட்கள், கைப்பிடிச் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்பார்கள். பஸ் போகும்போது பாலம் லேசாக அதிரும், காலில் தெரியும். முதல் தடவை நான் பயந்து இவர் கையைப் பிடித்தேன். பிறகு பயமில்லாமலும் பிடித்தேன். மிளகாய்ப்பொடி தடவின மாங்காய்ப் பத்தை, வறுத்த கடலை. வைகாசி பிறந்துவிட்டால் மேல்காற்று ஆரம்பித்துவிடும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகாமல் அங்கே நிற்க முடியாது. “இது உங்க ஊர்க் காத்துதான். பாலக்காட்டுக் கணவாய்ல நுழைஞ்சு, கோயமுத்தூர் வந்து, கரூர் தாண்டி இங்க வருது. உங்கம்மா அனுப்பிவிட்டது” என்றார் ஒரு நாள். அதற்கு முன்னால் எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலைச் சாத்த எனக்கு மனம் வராது.

டவுனுக்குப் போகிற நாளும் உண்டு. மலைக்கோட்டை ஏறி உச்சிப்பிள்ளையாரிடம் வேர்வையோடு நின்றுவிட்டு, இறங்கி மெயின்கார்டு கேட்டில் மைக்கேல் ஐஸ்கிரீம். கடை சின்னது, கூட்டம் பெரிது, நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். விலை மலிவு என்பதால் ஒன்றோடு யாரும் நிறுத்துவதில்லை. இவர் இரண்டு, நான் மூன்று, வீட்டில் மாமியிடம் ஒன்று என்று கணக்குச் சொல்வோம். ஏ.சி. தியேட்டர் என்று போர்டு பார்த்து ஒரு மேட்னிக்குப் போனோம். எந்தத் தியேட்டர் என்பது வேண்டாம். இடைவேளை வரை குளிர், அதற்கப்புறம் அணைத்துவிட்டார்கள். படம் முடிந்து கத்திரி வெயிலுக்கு வெளியே வந்தபோது, இவர் சொன்ன மாதிரியே குளுகுளுவென்று இருந்தது.

மலைக்கோட்டையில் தாயுமானவர் சந்நிதியில் சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் நடக்கும். பிரசவ வலியில் இருக்கிற ரத்னாவதிக்கு உதவ வந்த தாய், காவிரியில் வெள்ளம் என்பதால் அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். சிவனே அந்தத் தாய் உருவத்தில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்து நிற்கும்போது வீட்டில் இரண்டு தாய். 1988-ல் மகன் வயிற்றில் இருந்தபோது போயிருந்தேன். அம்மா வர முடியாத பிள்ளைகளுக்கென்றே ஒரு சாமி இருக்கிறது என்று எனக்குத் தொண்டை அடைத்தது. இவர் காதருகே குனிந்து, “சித்திரையில காவேரியில வெள்ளமா? மேட்டூரை யார் திறந்துவிட்டது?” என்றார். பக்கத்தில் நின்ற கிழவி திரும்பிப் பார்த்து முறைத்தார். நான் வாழைத்தார் நேர்ந்துகொண்டேன், இவர் சார்பாக ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 12 நெருங்கினால் எல்லாரும் வானொலிப் பக்கம் காதை வைத்திருப்பார்கள். அணையில் எத்தனை அடி, திறப்பார்களா, தள்ளிப்போடுவார்களா. திறந்தால் முக்கொம்புக்குத் தண்ணீர் வர மூன்று நாள் பிடிக்கும். ஒரு வருஷம் சரியாக அந்தச் சாயங்காலம் நாங்கள் மணலில் இருந்தோம். வெள்ளம் என்றால் ஓவென்று வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. மேற்கே மணலில் ஒரு கறுப்புக் கோடு நீண்டது. மணல் குடிக்கக் குடிக்க அது நின்று நின்று வந்தது. முன்னால் நுரை, சருகு, ஒரு ஒற்றைச் செருப்பு, மணலுக்குள்ளிருந்து கிளம்புகிற காற்றுக்குமிழி. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடின. இவர் அன்றைக்குத் தோண்டியிருந்த ஊற்றுக்குள் அது புகுந்தது, விளிம்பு சரிந்தது, குழி இருந்த இடம் தெரியவில்லை. படித்துறையில் பெண்கள் குலவையிட்டு மஞ்சளும் பூவும் விட்டார்கள். நாங்கள் செருப்பை எடுத்துக்கொண்டு கரையேறினோம். இவர் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. எனக்கும்தான். இதைத் தஞ்சாவூர்க்காரர் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பிள்ளைகள் பிறந்து, கே.கே. நகரில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டோம். படுக்கையறையில் ஏ.சி. வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போனதே, அப்போது ஒரு ராத்திரி மகனும் மகளும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்க, இவர் சத்தமில்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். நான் பரணிலிருந்து கோரைப்பாயை இறக்கினேன். மணி ஒன்பது. இட்லிப்பானை ஆகிவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் ஊற்றினோம்.

ஆறு இப்போது முன்போல இல்லை. மணலை அள்ளி அள்ளித் தரை இறங்கிவிட்டது. முழங்கை ஆழத்தில் ஊறின தண்ணீர் இப்போது எங்கே இருக்கிறதோ, தோண்டிப் பார்க்கவும் மனம் வரவில்லை. கரையோரம் ஓடுவது சாக்கடையா ஆறா என்று முகர்ந்துதான் சொல்ல வேண்டும். கொள்ளிடத்தில் 1928-ல் கட்டின பழைய இரும்புப் பாலம் 2018 வெள்ளத்தில் இடிந்தது. எங்கள் காவிரிப் பாலத்தையும் 2022-ல் மூடிப் பழுதுபார்த்து, அடுத்த வருஷம் திறந்தார்கள். திறந்த வாரமே இரண்டு பேரும் போய் நின்றோம். இவருக்கு முழங்கால் வலி, படித்துறையில் இறங்க முடிவதில்லை, பாலம் மட்டும்தான். பஸ் போனபோது காலுக்கடியில் அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். “அதிருது” என்றார், திருப்தியாக.

வீட்டில் இப்போது குடிப்பது கேன் தண்ணீர். அதைக் குடித்துவிட்டு இன்னமும் கேட்பார், “சிறுவாணியா, ஊத்தா?” என்று. நானும் பழைய பதிலைத்தான் சொல்வேன். அவர் பேப்பரோடு நிறுத்திக்கொள்கிறவர், பத்திரிகை படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில் இங்கே எழுதுகிறேன்: ஊற்றுத் தண்ணீர்தான்.